கண்மாய் உடையும் ஊரில் நிவாரணக் கணக்கு: செட்டிநாட்டை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் சட்டமன்ற உறுப்பினர்கள் தொகுதி மக்களுக்கு இரண்டு செய்திகளைச் சொல்வது வழக்கம். வெள்ள நிவாரணமாக எவ்வளவு வந்தது, இன்னும் எவ்வளவு கேட்கப்பட்டிருக்கிறது என்பது ஒன்று. வரும் கூட்டத்தொடரில் தொகுதிக்காக எவற்றை எழுப்பப்போகிறோம் என்பது மற்றொன்று. காரைக்குடி, தேவகோட்டை, திருமயம், பொன்னமராவதி ஆகிய ஊர்களைச் சுற்றி விரிந்துகிடக்கும் செட்டிநாட்டில் இவ்விரு செய்திகளும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே நிற்கின்றன. நிவாரணத்தைப் பற்றிய பேச்சு ரூபாயோடு முடிந்துவிடுகிறது. சட்டமன்றத்தைப் பற்றிய பேச்சு சாலை, கட்டடம், கல்லூரி என்று வேறு திசையில் போய்விடுகிறது. வெள்ளம் வந்த வழியான கண்மாயும் (பாசன ஏரியும்) அதற்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலும் இரண்டு பேச்சிலும் இடம்பெறுவதில்லை. நிவாரணத் தொகை போதாமல் போவதற்கும் அடுத்த ஆண்டு அதே ஊர் மீண்டும் மூழ்குவதற்கும் இந்த விடுபடலே காரணம் என்பது என் முடிவு. அதை ஒரு மாதிரி ஊரைக் கொண்டு விளக்க முயல்கிறேன்.

இங்கே எடுத்துக்கொள்ளும் ஊர் வரைபடத்தில் உள்ள தனியொரு ஊர் அன்று. சாக்கோட்டை, கல்லல், தேவகோட்டை, அரிமளம் வட்டாரங்களில் நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டை (பாசனம் பெறும் நிலப்பரப்பை) கொண்ட கண்மாயை நம்பி வாழும் ஊர்களின் பொதுவான அமைப்பை ஒன்றாகத் திரட்டி வைத்துக்கொண்ட மாதிரி அது. சட்டப் பிரிவுகளும் நிவாரண விகிதங்களும் அரசு கேட்ட, பெற்ற தொகைகளும் பொதுப் பதிவில் உள்ளவை.

ஊரின் அமைப்பு

சிவகங்கை மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் கணிசமான பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களைச் சுற்றிய சில வாரங்களுக்குள் கொட்டிவிடும். இங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. தேனாறு, மணிமுத்தாறு, விருசுழியாறு, பாம்பாறு ஆகியவை மழைக்காலத்தில் மட்டும் ஓடும் காட்டாறுகள். ஆகவே சில வாரத்து மழையைப் பிடித்துவைத்து, தை மாத அறுவடை வரை பயிருக்குக் கொடுப்பதற்காக முன்னோர் கண்மாய்களைச் சங்கிலித் தொடராக வெட்டினார்கள். மேல் கண்மாய் நிரம்பினால் உபரி நீர் கலுங்கு எனும் வழிந்தோடி வழியே மறுகால் பாய்ந்து, போக்குக்காலில் ஓடி, அடுத்த கண்மாயின் வரத்துக்காலில் சேரும். எந்தக் கண்மாயும் தன்னளவில் தனிக் கண்மாய் அன்று. மேலே ஒரு கலுங்கை மணல் மூட்டை அடுக்கி உயர்த்தினால் கண்மாயின் நீர் பரவும் பக்கமான உள்வாயில் உள்ள அவ்வூரின் புஞ்சைகள் மூழ்கும். உயர்த்திய கலுங்கைத் திடீரென்று திறந்துவிட்டால் கீழூரின் கரை உடையும்.

நம் மாதிரி ஊரின் கண்மாய்க்கு வயலுக்கு நீர் திறந்துவிடும் மடைகள் மூன்று. முதல் மடைக்குக் கீழுள்ள வயல்கள் கரையை ஒட்டியவை. கடைமடை வயல்கள் ஊரின் எல்லையில் இருப்பவை. புரட்டாசியில் நேரடி விதைப்பாக நெல் விதைக்கிறார்கள். முளைத்து வளரும் வரை மழையே துணை. கார்த்திகைக்குப் பிறகு மழை குறையும்போது கண்மாய்த் தண்ணீர் மடை வழியே வந்து, கதிர் பிடிக்கும் காலத்தில் பயிரைக் காக்கும். வரத்துக்கால் நெடுகச் சீமைக்கருவேல் அடர்ந்திருக்கிறது. ஓரிடத்தில் கால்வாயின் பாதி அகலத்துக்கு வேலி வந்துவிட்டது. இன்னோர் இடத்தில் புதிய சாலை கால்வாயைக் கடக்கும் குழாய் பழைய பாலத்தின் கண்களைவிடச் சிறியது. கலுங்குக்கு வெளியே உள்ள போக்குக்கால் மேடேறிப் போயிருக்கிறது. கரையின் மேல் மண் கரைந்து, ஆண்டுக்காண்டு உயரம் குறைந்துவருகிறது.

இந்த நிலையில் ஒரே இரவில் கனமழை பெய்கிறது. வரத்துக்காலில் வர வேண்டிய நீர் வழி தப்பிச் சாலை ஓரக் குடியிருப்பில் புகுகிறது. கண்மாய்க்குள் வந்த நீரோ போக்குக்கால் தூர்ந்ததால் வெளியேற முடியாமல் ஏறி, கரையின் பலவீனமான இடத்தில் உடைப்பு எடுக்கிறது.

இருமுறை நேரும் இழப்பு

உடைப்பின் முதல் இழப்பு எல்லோர் கண்ணுக்கும் தெரியும். முதல் மடைக்குக் கீழுள்ள வயல்களில் கரை மண்ணும் மணலும் வந்து மூடுகின்றன. பயிர் அடித்துச் செல்லப்படுகிறது. தாழ்வான தெருவில் உள்ள குடிசைகள் சரிகின்றன, ஆடுகள் சாகின்றன. மறுநாள் கிராம நிர்வாக அலுவலர் வருகிறார், வருவாய் ஆய்வாளர் வருகிறார், உதவி வேளாண்மை அலுவலர் வருகிறார். வட்டாட்சியரும் சட்டமன்ற உறுப்பினரும் பார்வையிடுகிறார்கள். கணக்கெடுப்பு தொடங்குகிறது.

இரண்டாவது இழப்பை அந்த வாரத்தில் யாரும் பார்க்க முடியாது. உடைந்த கண்மாயில் தண்ணீர் நிற்பதில்லை. மழை நின்ற பிறகு உடைப்பை மண் மூட்டை போட்டு அடைத்தாலும், பிடித்துவைக்க மழை மிச்சமிருப்பதில்லை. கடைமடை வயல்களில் வெள்ளத்தால் ஒரு பயிர்கூடச் சாயவில்லை. கணக்கெடுப்புக் குழு அந்த வயல்களைப் பாதிப்பில்லை என்று எழுதிவிட்டுப் போயிருக்கும். மார்கழிக் கடைசியில், பால் பிடிக்கும் பருவத்தில், அதே பயிர் தண்ணீரின்றிக் காய்ந்து பதராகிறது. கார்த்திகையில் வெள்ளத்தில் போன பயிரும், தையில் வறட்சியில் போன பயிரும் ஒரே உடைப்பால் போனவை. ஆனால் நிவாரணக் கோப்பில் முதலாவது மட்டுமே வெள்ள இழப்பாக ஏறுகிறது. இரண்டாவதை வறட்சி என்று கருத வேண்டுமானால் அதற்கு வேறு அளவுகோல்களும் வேறு அறிவிப்பும் தேவை. மழையளவு, மண்ணின் ஈரம், பயிர்ப் பரப்பு என்று பெரும் பரப்பை வைத்துப் பார்க்கும் அந்த அளவுகோல்களுக்குள், நல்ல மழை பெய்த ஓர் ஆண்டில் ஒரு கண்மாயின் கடைமடை வருவதற்கு வழியே இல்லை.

இந்த ஆய்வின் மையம் இதுதான். செட்டிநாட்டில் வெள்ளத்தால் சேதமடையும் முதன்மையான சொத்து கண்மாய். வயலும் வீடும் அதன் பிறகே வருகின்றன. நிவாரண முறை வயலையும் வீட்டையும் ஆட்டையும் தனித்தனியே எண்ணுகிறது. கண்மாயை எண்ணும்போது அதைப் பழுதுபார்க்க வேண்டிய கட்டுமானமாக மட்டும் எண்ணுகிறது. அதில் இருந்திருக்க வேண்டிய தண்ணீரை இழப்பாக எண்ணுவதில்லை.

நெறிமுறையும் அதன் எண்களும்

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 48ஆம் பிரிவின்கீழ் மாநிலப் பேரிடர் நிவாரண நிதியையும், 46ஆம் பிரிவின்கீழ் தேசியப் பேரிடர் நிவாரண நிதியையும் ஏற்படுத்தியது. தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் மாநில நிதியில் 75 விழுக்காட்டை ஒன்றிய அரசும் 25 விழுக்காட்டை மாநில அரசும் செலுத்துகின்றன. எந்த இழப்புக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை ஒன்றிய உள்துறை அமைச்சகம் நெறிமுறையாக வகுக்கிறது. 2022 முதல் 2026 வரையிலான காலத்துக்கு வகுக்கப்பட்ட நெறிமுறையின்படி, உயிரிழப்புக்கு 4 லட்சம் ரூபாய். கறவை மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய். சேதமடைந்த குடிசைக்கு 8,000 ரூபாய். சமவெளியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். குறைந்தது 15 விழுக்காடு சேதமடைந்த கெட்டி வீட்டுக்கு 6,500 ரூபாய். பயிர் இழப்பு 33 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் பாசன நிலத்துக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரி நிலத்துக்கு 8,500 ரூபாய். ஒருவருக்கு 2 ஹெக்டேர் என்பது உச்ச வரம்பு. இவற்றுக்கு மேல் மாநில அரசு தன் நிதியிலிருந்து கூட்டிக் கொடுக்கலாம். தமிழ்நாடு அவ்வாறு கொடுத்தும் இருக்கிறது.

முதல் மடைக்குக் கீழே 3 ஏக்கர் பயிரிட்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். பாசன நிலம் என்று எழுதப்பட்டால் ஏக்கருக்கு 6,880 ரூபாய் வீதம் 20,640 ரூபாய் கிடைக்கும். மானாவாரி என்று எழுதப்பட்டால் 10,320 ரூபாய். நம் ஊரில் நெல் மழையில் முளைத்துக் கண்மாயில் விளைவது. கணக்கெடுப்பு நடக்கும் நாளில் கண்மாய் உடைந்து வெறுமையாகக் கிடக்கிறது. அதுவரை பயிர் குடித்ததும் மழைநீர்தான். ஆகவே அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பது அலுவலரின் புரிதலைப் பொறுத்துப் போய்விடுகிறது. கண்மாய் ஆயக்கட்டில் உள்ள நஞ்சை, விதைப்பு முறை எதுவாக இருந்தாலும், பாசன நிலமே என்று மாவட்ட ஆட்சியரின் ஒரே சுற்றறிக்கை தெளிவுபடுத்திவிட முடியும். புதிய சட்டமோ கூடுதல் நிதியோ தேவைப்படாத இந்த ஒரு விளக்கம் தொகையை இரு மடங்காக்குகிறது. சட்டமன்ற உறுப்பினர் மழைக்கு முன்பே கேட்டுப் பெற வேண்டிய முதல் காகிதம் இது.

மணல் மூடிய வயலுக்குத் தனி இனம் உண்டு. மூன்று அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்திருந்தால், அதை அகற்ற, சிறு குறு உழவர்களுக்கு ஹெக்டேருக்கு 18,000 ரூபாய், அதாவது ஏக்கருக்குச் சுமார் 7,280 ரூபாய். உடைப்பு மணலை வெட்டி அள்ளி அப்புறப்படுத்த இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தவர்களுக்கு இந்தத் தொகை எத்தனை மணி நேரத்துக்குப் போதும் என்பது தெரியும். அதைவிட வருத்தமானது, பயிர் இழப்புக்கு மனுக் கொடுக்கும் பலர் மணல் படிவுக்குத் தனியே கேட்கலாம் என்பதை அறியாமல் விட்டுவிடுவது. படிவின் அளவைச் சான்றளிக்கும் முன்பே வயலை உழுதுவிட்டால் பிறகு கேட்கவும் முடியாது.

வீடுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளின் ஓடும் சுண்ணப் பூச்சும் தேக்குத் தூண்களும் நெடுமழையில் கெடுவது உண்மை. 6,500 ரூபாய் அவற்றின் ஒரு பக்கத்துத் தாழ்வாரத்தைச் செப்பனிடக்கூடப் பற்றாது என்பதும் உண்மை. ஆயினும் பேரிடர் நிவாரணம் உயிர்வாழ்வுக்கானது; அது முதலில் போக வேண்டிய இடம் குடிசைத் தெரு. அந்தப் பெரிய வீடுகளைக் காவல் காத்துக்கொண்டு பின்கட்டில் குடியிருக்கும் குடும்பங்கள் நிவாரணத்துக்கு உரியவர்களே. வீடு இரண்டு நாளுக்கு மேல் நீரில் கிடந்தால் குடும்பத்துக்குத் துணிகளுக்காக 2,500 ரூபாயும் பாத்திரங்களுக்காக 2,500 ரூபாயும் உண்டு. வீட்டு வரி வேறொருவர் பேரில் இருப்பதால் காவல்காரக் குடும்பத்தின் மனுவைத் திருப்பி அனுப்புவது முறையன்று. அந்தத் தொகை குடியிருப்பவருக்கானது.

பட்டா ஒருவர் பேரில், பாடு ஒருவர் பேரில்

செட்டிநாட்டில் நிவாரணம் சறுக்கும் மிகப்பெரிய இடம் இது. நிலத்தின் பட்டா பல இடங்களில் இறந்துபோன பாட்டனார் பேரிலோ, பிரிக்கப்படாத பங்காளிகளின் கூட்டுப் பட்டாவாகவோ இருக்கிறது. பங்குதாரர்கள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்கிறார்கள். நிலத்தை உழுது விதைத்து, விதைக்கும் உரத்துக்கும் கடன் வாங்கியவர் வாய்மொழிக் குத்தகைக்கோ விளைச்சலைப் பங்கிடும் வாரத்துக்கோ பயிரிடும் உள்ளூர்க்காரர். வெள்ளத்தில் இழப்பு முழுவதும் அவருடையது. ஆனால் வங்கிக் கணக்கில் தொகை ஏற வேண்டுமானால் பட்டா நகல் கேட்கப்படுகிறது.

நெறிமுறை கொடுப்பது இடுபொருள் மானியம். அதாவது விதை, உரம், உழவு ஆகியவற்றுக்குச் செலவிட்டு இழந்ததை ஈடுசெய்யும் உதவி. செலவிட்டவர் பயிரிட்டவர் என்னும்போது நிலவுடைமையை மட்டும் பார்ப்பது அந்த உதவியின் நோக்கத்துக்கே மாறானது. பயிரிடுபவர் யார் என்பதைக் காட்டும் ஆவணம் வருவாய்த் துறையிடமே இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலர் வருவாய்க் கணக்காண்டான பசலி ஆண்டுதோறும் எழுதும் அடங்கல் அது. அடங்கலில் குத்தகைதாரரின் பெயரை எழுதினால் நிலத்தின் மேல் உரிமை கோருவாரோ என்ற அச்சத்தில் உடைமையாளர் தடுக்கிறார். அவரோடு பகைக்க விரும்பாத குத்தகைதாரரும் பேசாமல் இருந்துவிடுகிறார். 1955இன் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1969இன் வேளாண் நிலக் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டமும் இந்த அச்சத்துக்கு நடுவில்தான் கிடக்கின்றன. பதிவேடு என்ற ஏற்பாடு இருந்தும், வாய்மொழிக் குத்தகையில் பயிரிடும் எளியவர் அதில் ஏறுவதில்லை.

உரிமைப் பதிவையும் நிவாரணப் பதிவையும் பிரித்துவிடுவதே இதற்குரிய தீர்வு என்று கருதுகிறேன். ஒரு பருவத்துக்கு மட்டும் செல்லும், நிலவுரிமைக்கு எவ்வகையிலும் சான்றாகாத ‘சாகுபடியாளர் சான்று’ ஒன்றைச் சட்டத்தின் மூலம் ஏற்படுத்தலாம். பேரிடர் உதவி, பயிர்க் காப்பீடு, கூட்டுறவுப் பயிர்க்கடன் ஆகிய மூன்றுக்கும் அது போதும் என்று சட்டமே சொல்ல வேண்டும். உடைமையாளரின் அச்சம் நீங்கும். பயிரிட்டவரின் இழப்பு கணக்கில் ஏறும். சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் தனிநபர் மசோதாவாகக்கூட இதைக் கொண்டுவரலாம். அது நிறைவேறாவிட்டாலும் அரசின் நிலைப்பாட்டை அவையில் பதிவுசெய்ய வைக்கும்.

பயிர்க் காப்பீட்டில் அண்மையில் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், நெல் வயல் நீரில் மூழ்குவதைத் தனிப்பட்ட வயல் அளவில் மதிப்பிடும் ஏற்பாடு 2018இல் நீக்கப்பட்டிருந்தது. அதை 2026 காரிஃப் (தென்மேற்குப் பருவமழைக் கால) பருவம் முதல் மீண்டும் சேர்ப்பதாக 2025 நவம்பரில் ஒன்றிய வேளாண் அமைச்சகம் அறிவித்தது. இழப்பு நேர்ந்த 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். மின்சாரமும் கைப்பேசிக் கோபுரமும் விழுந்துகிடக்கும் மூன்று நாளில் இதைச் செய்ய ஊருக்கு ஒருவரையாவது பழக்கிவைக்க வேண்டும். அதற்கும் மேலாக, காப்பீடு செய்யவே சாகுபடிச் சான்று வேண்டும் என்பதால் பேச்சு திரும்பவும் அடங்கலுக்கே வந்து நிற்கிறது.

கேட்ட தொகையும் வந்த தொகையும்

நிவாரணம் பற்றிய அறிக்கைகளில் ‘கேட்டிருக்கிறோம்’, ‘ஒப்புதலாகியிருக்கிறது’, ‘விடுவிக்கப்பட்டிருக்கிறது’, ‘வழங்கப்பட்டிருக்கிறது’ என்ற நான்கு நிலைகளும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. இவற்றுக்கிடையே உள்ள தொலைவைப் புரிந்துகொள்ளத் தமிழ்நாட்டின் அண்மைக்கால வரலாறே போதும். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலால் சென்னையும் சுற்றுப்புற மாவட்டங்களும் மூழ்கின. அதே மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களில் பெருமழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். இரண்டுக்கும் சேர்த்து மாநில அரசு ஏறத்தாழ 37,900 கோடி ரூபாய் கேட்டது. 2024 ஏப்ரலில் தேசிய நிதியிலிருந்து கிடைத்த அனுமதி சுமார் 276 கோடி ரூபாய். ஒன்றியத்துக்கும் மாநிலத்துக்கும் இடையிலான வழக்குகளுக்கு உரிய, அரசமைப்பின் 131ஆம் உறுப்பின்கீழ் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது, மாநில நிதிக்கான ஒன்றியப் பங்கின் இரு தவணைகளாக 944.80 கோடி ரூபாய் விடுவிக்கப்பட்டது. தேசிய நிதியிலிருந்து 522.34 கோடி ரூபாய்க்கு 2025 ஏப்ரலில்தான் ஒப்புதல் வந்தது.

இந்த எண்களுக்குப் பின்னால் ஒரு நடைமுறை இருக்கிறது. மாநிலம் விரிவான கோரிக்கை மனுவை அனுப்ப வேண்டும். பல அமைச்சகங்களின் அலுவலர்கள் கொண்ட ஒன்றியக் குழு நேரில் வந்து பார்க்க வேண்டும். அதன் அறிக்கையைத் தேசியச் செயற்குழுவின் துணைக்குழு ஆராய வேண்டும். முடிவில் உள்துறை அமைச்சர் தலைமையிலான உயர்நிலைக் குழு ஒப்புதல் தர வேண்டும். மாநிலம் கேட்பது மறுசீரமைப்புக்கான முழுச் செலவு. ஒன்றியம் கணக்கிடுவது நெறிமுறையில் உள்ள இனங்களுக்கான உடனடி உதவி. இரண்டு தொகைக்கும் நடுவே பெரிய இடைவெளி விழ இதுவும் ஒரு காரணம். ஒன்றிய அரசு போதிய அளவு கொடுக்கவில்லை என்ற தமிழ்நாட்டின் குறை நியாயமானது என்பதே என் கருத்து. என்றாலும் செட்டிநாட்டு உழவருக்கு இந்தப் பெரும் வாதத்தால் வரும் பயன் குறைவு. புயலின் பெயர் இல்லாமல், தொலைக்காட்சிப் படங்கள் இல்லாமல், இருபது முப்பது கண்மாய்கள் தனித்தனியே உடையும் ஒரு மழைக்கு ஒன்றியக் குழு வருவதில்லை. அத்தகைய மழையின் நிவாரணம் முழுவதும் மாநில நிதியிலிருந்தே வர வேண்டும். அதை வாங்கித் தருவது மாவட்ட ஆட்சியரின் அறிக்கையும் சட்டமன்ற உறுப்பினரின் விடாமுயற்சியுமே.

இன்னொரு கதவும் இருக்கிறது. பதினைந்தாவது நிதிக்குழு 2021-26 காலத்துக்குப் பேரிடர் நிதியை இரண்டாகப் பிரித்தது: 80 விழுக்காடு நிவாரணத்துக்கு, 20 விழுக்காடு தணிப்புக்கு. தணிப்பு நிதி, இழப்பு வருவதற்கு முன்பே அதைக் குறைக்கும் பணிகளுக்கானது. கண்மாய்ச் சங்கிலி ஒன்றின் கலுங்குகளையும் போக்குக்கால்களையும் ஒரே திட்டமாகச் சீரமைப்பது தணிப்புப் பணிக்கு மிகப் பொருத்தமானது. நிவாரணத்தைக் கேட்கும் குரலில் பாதியளவாவது இந்த நிதியைக் கேட்டு எழுந்தால் போதும்.

அவையின் அதிகாரத்துக்குள் இருப்பவை

பேரிடர் மேலாண்மை என்ற பொருள் அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் எந்தப் பட்டியலிலும் தனியே இல்லை. ஒத்திசைவுப் பட்டியலின் 23ஆம் இனமான சமூகப் பாதுகாப்பைச் சார்ந்தே 2005இன் சட்டம் இயற்றப்பட்டது. ஒன்றிய நெறிமுறையின் நிவாரண விகிதத்தை மாற்றும் அதிகாரம் தமிழ்நாடு சட்டமன்றத்துக்கு இல்லை. ஆனால் மாநிலப் பட்டியலின் 17ஆம் இனம் நீர்ப்பாசனம், கால்வாய், வடிகால், கரைகள், நீர்த்தேக்கம் ஆகியவற்றை மாநிலத்துக்கே கொடுத்திருக்கிறது. நம் மாதிரி ஊரில் உடைந்த கரையும் தூர்ந்த போக்குக்காலும் முழுக்க முழுக்கச் சட்டமன்றத்தின் அதிகாரத்துக்குள் வருகின்றன. சட்டமன்ற உறுப்பினரின் முன்னுரிமைப் பட்டியலில் முதலிடம் பெற வேண்டியவை இவை.

2007இல் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வந்தது. எல்லையை அளந்து குறிப்பது, ஆக்கிரமிப்பாளருக்கு அறிவிப்புக் கொடுத்து அகற்றுவது என்று தெளிவான நடைமுறையைக் கொண்டது அது. ஆனால் பொதுப்பணித் துறையின் (பின்னர் நீர்வளத் துறை) கட்டுப்பாட்டில் இருந்த ஏரி, கண்மாய்களுக்கே அது பொருந்தும். 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டைக் கொண்டவை ஊராட்சி ஒன்றியக் கண்மாய்கள். நம் ஊரின் கண்மாய் அந்த வகை. அதன் ஆக்கிரமிப்புக்கு 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தையே நாட வேண்டியிருக்கிறது. சங்கிலித் தொடரில் மேல் கண்மாய் நீர்வளத் துறையிடம், நடுக் கண்மாய் ஊராட்சி ஒன்றியத்திடம், இரண்டுக்கும் இடையே ஓடும் வரத்துக்கால் யாருடைய பொறுப்பென்று தெளிவில்லாத நிலையில் என்றால், நீர் போகும் வழியை எவரும் முழுமையாகக் காக்க முடியாது. 2007இன் சட்டத்தை ஊராட்சி ஒன்றியக் கண்மாய்களுக்கும் ஊர்க் குளங்களான ஊருணிகளுக்கும் அவற்றின் வரத்துக்கால், போக்குக்கால்களுக்கும் நீட்டிக்கும் திருத்தமே செட்டிநாட்டுக்கு இன்று தேவையான தலையாய சட்டப் பணி.

இந்தச் சிக்கலுக்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. இங்குள்ள கண்மாய்களில் பல சிவகங்கை ஜமீனுக்கு உட்பட்டிருந்து, 1948இன் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் வழியே அரசின் கைக்கு வந்தவை. திருமயம், பொன்னமராவதிப் பக்கத்து ஊர்கள் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் இருந்தவை. அது 1948 மார்ச் 3 அன்று இந்தியாவுடன் இணைந்தது. இரு வேறு ஆட்சிகளின் கணக்கில் இருந்த நீர்வழிகள் இன்று இரு மாவட்டங்களின் கோப்புகளில் இருக்கின்றன. மாவட்ட எல்லையை ஒட்டிய ஊர்களில் மேல் கலுங்கு ஓர் ஆட்சியருக்கும் கீழ்க் கரை இன்னோர் ஆட்சியருக்கும் உட்பட்டிருக்கும். 2005இன் சட்டம் 31ஆம் பிரிவில் மாவட்டப் பேரிடர் திட்டத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கச் சொல்கிறது. இரு மாவட்டத் திட்டங்களிலும் கண்மாய்ச் சங்கிலியை ஒரே வரைபடமாகச் சேர்க்கும்படி, தொகுதிகளின் உறுப்பினர்கள் கட்சி வேறுபாடு பாராமல் ஒன்றாகக் கேட்கலாம்.

பராமரிப்பைப் பொறுத்தவரை, ஊர் மக்களே நீர்நிலையைச் செப்பனிடும் குடிமராமத்து நமக்குப் புதிதன்று. 1858ஆம் ஆண்டிலேயே அதற்குச் சட்டம் இருந்தது. 2017இல் ஆயக்கட்டுதாரர்களின் 10 விழுக்காடு பங்களிப்போடு அது மீண்டும் தொடங்கப்பட்டது. தூர்வாருதல் என்ற பெயரில் கண்மாயின் உள்வாயில் குழி வெட்டி மண் அள்ளுவதற்குக் கிடைத்த கவனம், கலுங்குக்கும் மடைக்கும் போக்குக்காலுக்கும் கிடைக்கவில்லை என்பது பல ஊர்களில் உழவர்கள் சொல்லும் குறை. உள்வாயில் எவ்வளவு ஆழம் வெட்டினாலும், கலுங்கு வழியே உபரி நீர் போகவில்லையென்றால் கரை உடையவே செய்யும். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அதில் ஒரு பகுதியைக் கலுங்குகளுக்கென ஒதுக்குவதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டியதில்லை.

நகரப் பக்கத்தில், காரைக்குடி 2024இல் மாநகராட்சியானது. அதற்கடுத்த ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பேரிடர் மேலாண்மைத் திருத்தச் சட்டம், மாநகராட்சி உள்ள நகரங்களில் நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்க மாநில அரசுக்கு வழிசெய்கிறது. மாநகராட்சி ஆணையர் அதன் தலைவராகவும், மாவட்ட ஆட்சியர் துணைத் தலைவராகவும் இருப்பார்கள். செட்டிநாட்டு ஊர்கள் நேர்கோட்டுத் தெருக்களும், வீட்டின் நடுமுற்றமான வளவில் விழும் மழைநீரை வெளியேற்றித் தெரு வழியே ஊருணிக்குக் கொண்டுசேர்க்கும் வாட்டமும் வைத்துக் கட்டப்பட்டவை. தெருவை மேலும் மேலும் கான்கிரீட் போட்டு உயர்த்தியதில் அந்த வாட்டம் கெட்டு, நீர் ஊருணிக்குப் போகாமல் முகப்புக்குள் திரும்புகிறது. காரைக்குடிக்கு இந்த ஆணையத்தைப் பெற்றுத் தருவதும், தெருப் பணி ஒவ்வொன்றுக்கும் நீர் வாட்டச் சான்று கட்டாயம் என்று அதன் திட்டத்தில் சேர்ப்பதும் உடனே செய்யத்தக்கவை.

அதே திருத்தச் சட்டம் ஒரு பாதுகாப்பை எடுத்தும் விட்டது. கடும் பேரிடரில் பாதிக்கப்பட்டோரின் கடனைத் திருப்பிச் செலுத்துவதில் சலுகை அளிக்கப் பரிந்துரைக்கும் அதிகாரத்தைத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குக் கொடுத்திருந்த 13ஆம் பிரிவு நீக்கப்பட்டது. வயநாட்டு நிலச்சரிவில் பாதிக்கப்பட்டோரின் கடன் தள்ளுபடி வழக்கில் கேரள உயர் நீதிமன்றத்தில் இந்த நீக்கமே ஒன்றிய அரசின் விடையாக வந்தது. நம் உழவர்களில் பலர் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் கடன் வாங்கியவர்கள். கூட்டுறவு மாநிலப் பொருள். 33 விழுக்காட்டுக்கு மேல் இழப்பு எழுதப்பட்ட சாகுபடியாளரின் கூட்டுறவுப் பயிர்க்கடன் தவணை தானாகவே ஓராண்டு தள்ளிப்போகும் என்று மாநிலக் கூட்டுறவுச் சட்டத்திலேயே எழுதிவிட்டால், ஒவ்வொரு வெள்ளத்துக்கும் தனித்தனியே மன்றாட வேண்டியதில்லை.

தொகுதிக்குச் சொல்ல வேண்டிய அறிக்கை

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், ஒரு சட்டமன்ற உறுப்பினரின் வெள்ள அறிக்கை வருவாய்க் கிராமம் வாரியாக அமைய வேண்டும். கணக்கெடுக்கப்பட்ட பரப்பு, பாசனம் என்றும் மானாவாரி என்றும் எழுதப்பட்ட பரப்பு, பயிரிட்டவர் பேரில் ஏறிய மனுக்கள், பட்டா இல்லை என்று திருப்பப்பட்ட மனுக்கள், வங்கிக் கணக்கில் தொகை ஏறிய நாள் ஆகியவை அதில் இருந்தால், கேட்டதற்கும் வந்ததற்கும் உள்ள வேறுபாட்டை ஊரே பார்த்துக்கொள்ளும். அதன் அருகிலேயே உடைந்த கண்மாய்களின் பட்டியலும், ஒவ்வொன்றும் நீர்வளத் துறையுடையதா ஊராட்சி ஒன்றியத்துடையதா என்ற குறிப்பும், உடைப்பு அடைக்கப்பட்ட தேதியும், அப்போது கண்மாயில் நின்ற நீரின் அளவும் வேண்டும். நீரில்லாமல் அடைக்கப்பட்ட கண்மாய்களின் கடைமடைக்குத் தை முதல் வாரத்தில் இரண்டாம் கணக்கெடுப்பு நடத்துமாறு வருவாய் நிர்வாகம் மற்றும் பேரிடர் மேலாண்மை ஆணையரிடம் எழுத்துமூலம் கேட்டதற்கான பதிவும் இடம்பெற வேண்டும். அப்பரப்பை வெள்ளத்தின் தொடர் இழப்பாக ஏற்று மாநில அரசு தன் நிதியிலிருந்தே கொடுப்பதற்குத் தடை எதுவும் இல்லை. தேவைப்படுவது ஓர் அரசாணை.

காலமும் முக்கியமானது. வருவாய்த் துறைக்கும் நீர்வளத் துறைக்கும் ஊரக வளர்ச்சித் துறைக்கும் மானியக் கோரிக்கைகள் நிதிநிலை அறிக்கையைத் தொடர்ந்து அவைக்கு வருகின்றன. அப்போது (ஒதுக்கீட்டைக் குறைக்கக் கோரும்) வெட்டுத் தீர்மானமாகவோ கேள்வியாகவோ மூன்று துறைகளிடமும் ஒரே கேள்வியைக் கேட்கலாம்: கடந்த மழையில் உடைந்த கண்மாய்களில் எத்தனையின் கலுங்கும் போக்குக்காலும் சீரமைக்கப்பட்டன? மூன்று அமைச்சர்களின் விடையையும் சேர்த்து வைத்தால் சங்கிலியில் எந்தக் கண்ணி விடுபட்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும். விடுபட்ட கண்ணிகளுக்கு வைகாசிக்குள் ஒப்பந்தப்புள்ளி கோரி, ஆவணிக்குள் வேலையை முடித்தால்தான் புரட்டாசியில் விதைக்கும் உழவருக்கு அது பயன்படும். ஐப்பசியில் தொடங்கும் கரை வேலை முதல் மழையிலேயே கரைந்துபோகும் என்பதால், அந்த அரசாணைக்கும் இந்தக் கேள்விக்கும் உரிய கூட்டத்தொடர் மழைக்கு முந்தைய கூட்டத்தொடரே.